கார் விளக்கு: கார்பைடிலிருந்து எல்.இ.டி. வரை

காரின் முன்விளக்கில் இருக்கும் ஹாலோஜன் பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பல்பைச் செருகுவது பல கார்களில் பத்து நிமிட வேலைதான். ஆனால் ஜெர்மனியில் அந்த வேலைக்குச் சட்டத்தின் அனுமதி கிடைக்க 2020 வரை ஆனது. அப்படி என்ன பெரிய சிக்கல்?

ஆரம்பகாலக் கார்களில் மின்விளக்கே கிடையாது. கார்பைடில் தண்ணீர் சொட்டச் சொட்ட வரும் அசிட்டிலீன் வாயுவைக் கொளுத்தித்தான் ஓட்டினார்கள். இருட்டியதும் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய் விளக்கைப் பற்றவைக்க வேண்டும்! 1912 மாடல் காடிலாக் கார் மின்சார ஸ்டார்ட்டரோடு மின்விளக்கையும் சேர்த்தே கொண்டுவந்தது. அதற்குப் பிறகு வாயு விளக்கு மெல்ல மறைந்தது.

அடுத்த முக்கியமான ஆண்டு 1962. ஐரோப்பாவில் கார்களுக்கான முதல் ஹாலோஜன் பல்பான எச்1 வந்தது அப்போதுதான். அதே ஆண்டு அமெரிக்காவில், ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் நிக் ஹோலோன்யாக் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யை உருவாக்கினார். என்ன பொருத்தம் பாருங்கள்! பின்னாளில் மோதப்போகும் இருவரும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள்.

1971-இல் வந்த எச்4 பல்பை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். உள்ளே இரண்டு இழைகள். ஹை பீமுக்கு 60 வாட், லோ பீமுக்கு 55 வாட். லோ பீம் இழைக்கு அடியில் ஒரு குட்டி உலோகக் கிண்ணம் இருக்கும். எதிரே வருபவர் கண்ணில் ஒளி பாயாமல் காப்பது அதுதான். விளக்கின் பிரதிபலிப்பான் முழுவதும் இழை இருக்கும் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் வைத்து வடிவமைக்கப்பட்டது.

எல்.இ.டி.யோ இழை மாதிரி நாலாபுறமும் ஒளிராது. சின்னத் தகட்டின் இரு பக்கமும் சில்லுகளை ஒட்டி ஈடுகட்டுகிறார்கள். சில்லு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாலும் ஒளி மேலே சிதறும். ஓட்டுபவருக்கு "ஆஹா, என்ன வெளிச்சம்!" எதிரே பைக்கில் வருபவருக்குச் சில விநாடிகள் சாலையே தெரியாது. மட்டமான பல்புகளின் பெட்டியில் வாட், லூமன் எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். இதைப் பற்றி மட்டும் ஒரு வரி இருக்காது.

வெள்ளை எல்.இ.டி.க்கு வழி திறந்தது, ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நகமுரா உருவாக்கி 1993-இல் வெளியான பிரகாசமான நீல எல்.இ.டி. (2014-இல் அகசாகி, அமானோ இருவரோடு நோபல் பரிசும் பெற்றார்.) 2007-இல் லெக்ஸஸ் எல்.எஸ். 600எச் காரின் லோ பீமே எல்.இ.டி. ஆனது. ஆனால் அது முழு விளக்கும் எல்.இ.டி.க்கென்றே செய்யப்பட்டது. பழைய விளக்குக்குள் புதுப் பல்பு என்பது வேறு கதை.

அந்தக் கதையில் 2020-இல்தான் திருப்பம். ஒற்றை இழை கொண்ட எச்7-க்கு மாற்றாக ஓஸ்ராம் தயாரித்த எல்.இ.டி. பல்புக்கு ஜெர்மனி அனுமதி தந்தது. அதுவும் எல்லாக் கார்களுக்கும் இல்லை. விளக்குக்கு விளக்கு பிரதிபலிப்பான் மாறுவதால், சோதித்துப் பட்டியலில் சேர்த்த மாடல்களுக்கு மட்டும்.

இண்டிகேட்டர் பல்பை மாற்றினால் வேறு வேடிக்கை. எல்.இ.டி. குறைந்த மின்சாரமே இழுப்பதால், பல்பு போய்விட்டது என்று நினைத்துக் கார் படபடவென்று வேகமாகச் சிமிட்டும். அதைச் சமாதானப்படுத்த ஒரு ரெசிஸ்டரை இணைக்கிறார்கள். மிச்சமான மின்சாரத்தை அது வெப்பமாக்கி வீணடிக்கும். நன்றாகச் சூடேறும் என்பதால் பிளாஸ்டிக்கை ஒட்டி வைக்காமல் உலோகத்தில்தான் பொருத்த வேண்டும்.