பிளக்கை கழற்றினாலும் ஷாக் அடிக்கும் எஸ்எம்பிஎஸ்.. கம்ப்யூட்டர் பவர் சப்ளையை திறக்கும் முன் இதை தெரிஞ்சுக்கோங்க!

கரண்ட் போய் வந்த பிறகு கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை. பட்டனை அழுத்தினால் ஃபேனும் சுத்தவில்லை, லைட்டும் எரியவில்லை. உடனே பலரும் செய்வது, பிளக்கை பிடுங்கிவிட்டு ஸ்க்ரூ டிரைவரோடு எஸ்எம்பிஎஸ் பெட்டியை திறப்பதுதான். "அதான் கரண்டே இல்லையே, என்ன ஆகிடப் போகுது?" என்ற நினைப்பு. இங்கேதான் சிக்கல்.

பிளக் இல்லாமல் கரண்ட் எங்கிருந்து வருது?

வீட்டுக்கு வருவது 230 வோல்ட் ஏசி. எஸ்எம்பிஎஸ் முதலில் இதை டிசியாக மாற்றுகிறது. அப்போது வோல்டேஜ் சுமார் 325-க்கு ஏறிவிடும். பிஎஃப்சி வசதி உள்ள மாடல்களில் 380 முதல் 400 வோல்ட் வரை போகும். இதை சேர்த்து வைப்பதுதான் உள்ளே உருளையாக நிற்கும் பெரிய கெபாசிட்டர்.

நல்லா ஓடுற எஸ்எம்பிஎஸ்ஸில், பிளக்கை எடுத்ததும் மிச்சமுள்ள சார்ஜை சர்க்யூட்டே பெரும்பாலும் இழுத்துக் காலி செய்துவிடும். ஆனால் ரிப்பேரானதில் அப்படி இழுக்க வேண்டிய பகுதியே செத்துப் போயிருக்கலாம். அப்போது சார்ஜ் அப்படியே தங்கிவிடும். அதாவது, நாம் திறக்கப் போகும் பழுதான பெட்டிதான் அதிக ஆபத்து.

வீட்டில் ஆர்சிசிபி இருக்கேன்னு தைரியமா இருக்கவும் முடியாது. வீட்டு லைனில் ஏற்படும் கசிவைத்தான் அது கவனிக்கும். பிளக்கை கழற்றிய பெட்டிக்குள் நடப்பது அதற்குத் தெரியாது.

திறக்காமலே கண்டுபிடிக்க முடியுமா?

பல நேரங்களில் முடியும். முதலில் அதே பிளக் பாயின்ட்டில் செல்போன் சார்ஜரை போட்டுப் பாருங்க. பவர் கார்டை மாற்றிப் பாருங்க. பெட்டியின் பின்னால் உள்ள ஸ்விட்ச் ஆனில் இருக்கிறதா? பழைய மாடல் என்றால் 115/230 என்று ஒரு சிவப்பு ஸ்விட்ச்சும் இருக்கும். அது 230-ல்தான் இருக்கணும். தவறிப்போய் 115-ல் வைத்து ஆன் செய்தால் எஸ்எம்பிஎஸ் காலி.

அடுத்து, பிளக்கை எடுத்துவிட்டு மதர்போர்டு, ஹார்டு டிஸ்க் என எல்லா கனெக்டரையும் கழற்றுங்க. 24 பின் கனெக்டரில் உள்ள பச்சை வயரையும் ஏதாவது ஒரு கருப்பு வயரையும் சின்ன ஒயர் துண்டால் இணைத்து, பிறகு பிளக்கை போட்டு ஆன் செய்யுங்க. ஃபேன் சுத்தினால் உயிர் இருக்கு. ஆனா ஃபேன் சுத்துறதை மட்டும் நம்பாதீங்க. மல்டிமீட்டரில் மஞ்சள் வயர் 11.4 முதல் 12.6 வோல்ட் வரையும், சிவப்பு வயர் 4.75 முதல் 5.25 வரையும் காட்டணும். இது சரியாக இருந்தால் கோளாறு மதர்போர்டிலோ பவர் பட்டனிலோ இருக்கலாம். சில புது மாடல்களில் எல்லா வயரும் கருப்பாகவே இருக்கும். அதில் குத்துமதிப்பாக எதையும் இணைக்க வேண்டாம்.

திறந்துதான் ஆகணும்னா?

மல்டிமீட்டர் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் இதற்கு மேல் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவதே சரி. பழக்கமுள்ளவர்கள் மோதிரம், வாட்ச், செயினை கழற்றி வைங்க. தனியாக உட்கார வேண்டாம்.

கெபாசிட்டரின் இரண்டு காலையும் ஸ்க்ரூ டிரைவரால் தொட்டு 'டப்'னு டிஸ்சார்ஜ் பண்றது கடைகளில் சகஜம். தீப்பொறியோடு உருகிய உலோகம் கண்ணில் தெறிக்கும், போர்டு டிராக்கும் எரியும். அதற்குப் பதில் 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள கிளிப்களில் மாட்டி, இரண்டு காலுக்கும் நடுவே அரை நிமிஷம் வையுங்க. பிறகு டிசி ரேஞ்சில் அளந்து, பூஜ்ஜியத்தை நெருங்கிய பிறகே கை வைக்கணும். பிளக் போட்ட நிலையில் ஹீட் சிங்க்கை தொடவே கூடாது. சில போர்டுகளில் அதிலேயே மெயின் கரண்ட் இருக்கும்.

பியூஸ் போயிருந்தால் மாற்றினால் போதுமா?

கண்ணாடி பியூஸ் கருகிப் போயிருந்தால் உள்ளே ஷார்ட் இருக்கு என்று அர்த்தம். கம்பி சுற்றுவதோ, அதிக ஆம்பியர் பியூஸ் போடுவதோ தீயில்தான் முடியும். ஷார்ட்டை சரிசெய்து அதே அளவு பியூஸ் போட்ட பிறகும் நேரடியாக ஆன் செய்யாமல், 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுப் பார்ப்பார்கள் அனுபவசாலிகள். பல்பு ஒரு நொடி மின்னி மங்கினால் ஓகே. முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் ஷார்ட் இன்னும் போகவில்லை. இதற்கு எல்இடி பல்பு சரிவராது.

யாருக்காவது ஷாக் அடித்தால் அவரை தொடாதீங்க. முதலில் மெயினை ஆஃப் செய்துவிட்டு 108-க்கு போன் பண்ணுங்க. எழுந்து நன்றாகப் பேசினாலும் ஒருமுறை டாக்டரிடம் காட்டி இசிஜி எடுத்துவிடுங்க.