துருவ ஜோதியின் குரல்

வடதுருவத்தை அடுத்த நாடுகளில், இரவு வானில் பச்சையும் செம்மையுமாய்த் திரைபோல் அசையும் துருவ ஜோதியைக் கண்டு வியந்தோர் பலர். அதன் குரலைத் தரையிலிருந்து கேட்க முயன்றோர் சிலரே. அம்முயற்சியின் வரலாறு தந்திக் கம்பியில் தொடங்குகிறது.

1894-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் பெரியதொரு துருவ ஜோதி தோன்றியபொழுது, பிரிட்டனில் நெடுந்தூரக் கம்பிகளில் டெலிபோனைப் பொருத்திக் கேட்ட தந்தி ஊழியர்கள் விந்தையான ஒலிகளைக் கேட்டனர். அஞ்சல் துறைத் தலைமைப் பொறியாளர் வில்லியம் பிரீஸ் அச்செய்தியை அவ்வாண்டே வெளியிட்டார். வானொலிப் பெட்டி பிறவாத காலத்தில் இஃது எங்ஙனம் இயன்றது? கம்பியில் வந்தவை ஒலியலைகள் அல்ல, மின்காந்த அலைகளே. ஆயினும் அவை வினாடிக்குச் சில ஆயிரம் முறை அதிர்பவை. நம் செவிக்கு எட்டும் ஒலியின் அதிர்வும் அவ்வளவே. ஆதலின் நீண்ட கம்பியே ஏரியலாயிற்று. டெலிபோன் அவ்வதிர்வை அப்படியே ஒலியாக்கித் தந்தது.

முதல் உலகப் போரில் பகைவரின் டெலிபோன் பேச்சை ஒட்டுக் கேட்ட ஜெர்மானியர், குண்டு பறப்பதுபோன்ற சீழ்க்கையைக் கேட்டதாக 1919-ல் பார்க்ஹௌசன் எழுதினார். அச்சீழ்க்கை ஜோதியினுடையது அன்று. மின்னலில் பிறந்து, பூமியின் காந்தக் கோடுகளைப் பற்றி விண்வெளியில் வளைந்து சென்று, எதிர் அரைக்கோளத்தில் இறங்கும் அலை அது என்று 1953-ல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஸ்டோரி விளக்கினார். ஜோதிக்கு உரியது 'உஸ்' என்னும் இரைச்சல். பெல் டெலிபோன் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பர்ட்டன், போர்ட்மன் இருவரும் 1933-லேயே இவ்வுறவைக் குறித்தனர். கம்பியின் தொல்லையை ஆராயப் புகுந்தவர்கள் வானின் செய்தியைக் கண்டெடுத்ததை நாம் சிறிதாக எண்ணுவதற்கில்லை.

1979-ல் கெல்லாக், மான்சன் என்போர் கனடாவின் வடபகுதியில் ஏறக்குறைய 2.8 மெகாஹெர்ட்ஸில் ஒரு முழக்கத்தைக் கண்டனர். அயனி மண்டலத்தில் எலெக்ட்ரான்கள் காந்தக் கோடுகளைச் சுற்றும் அதிர்வெண்ணின் இருமடங்கு அது. இம்முழக்கத்தைத் தேடுவோர் ஒலிபரப்பு நிலையங்களுக்கு அஞ்சித் தொலைவிடங்களை நாடுகின்றனர். நம் பேச்சும் பாட்டும் அவர்களுக்கு வெறும் இரைச்சல்!

ஆனால் ஜோதியின் பெருங்குரல் தரையை அடைவதே அரிது. அதற்கு மேலே பல்லாயிரம் கிலோமீட்டர் உயரத்தில், 50 முதல் 500 கிலோஹெர்ட்ஸ் வரை, 100 கோடி வாட் அளவுக்கும் வலிமை பெற்ற அலைகள் எழுவதை விண்கலப் பதிவுகளைக் கொண்டு 1974-ல் கர்னெட் எடுத்துரைத்தார். கீழ்நோக்கி வருவனவற்றை அயனி மண்டலம் மேலேயே திருப்பிவிடுகிறது. எனினும் அத்திரையையும் கடந்து கசிந்ததொரு மெல்லிய தடயத்தைத் தென்துருவ நிலையத்தில் பதிவு செய்து, அதனை விண்கலப் பதிவோடு ஒப்பிட்டு, ஜேம்ஸ் லாபெலும் ஆண்டர்சனும் 2011-ல் வெளியிட்டனர்.