ஏர் கன் பவரை ஏத்தலாமா? லைசென்ஸ் தேவைப்படாத துப்பாக்கி எப்போது குற்றமாகிறது? சட்டம் சொல்வது என்ன?

திருவேற்காடு, மாங்காடு பக்கம் கோயில் திருவிழாவுக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்ததுதான். பலகை முழுக்க கலர் கலராகப் பலூன். எதிரே ஒரு மேஜை, அதில் ஒரு நீளத் துப்பாக்கி. காசு கொடுத்தால் சில குண்டு. மெரினா மணலிலும் இதே கடைதான். நம்மில் பெரும்பாலானோர் வாழ்க்கையில் தொட்டுப் பார்த்த ஒரே துப்பாக்கி அதுவாகத்தான் இருக்கும். "இது சும்மா காத்துல சுடுறதுதானே, இதுக்கெல்லாம் எதுக்கு லைசென்ஸ்?" என்ற பேச்சும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

அந்தப் பேச்சு பாதி சரி. மீதிப் பாதியில்தான் ஜெயில் இருக்கிறது.

ஆசையாக ஒரு ஏர் ரைஃபிள் வாங்குகிறார்கள். மொட்டை மாடியில் பழைய டப்பாவை வைத்துச் சுடுகிறார்கள். இரண்டு மாதத்தில் "பவர் பத்தலை" என்று தோன்றுகிறது. யூடியூபைத் திறந்தால் வெளிநாட்டுக்காரர் ஒருவர் தன் ரைஃபிளின் பவரைக் கூட்டிக் காட்டுகிறார். ஸ்பிரிங் மாற்றிக் கொடுக்கவோ, பாகம் கடைந்து கொடுக்கவோ அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் லேத் பட்டறைக்கா பஞ்சம்? டாங்கே செய்கிற ஆவடி பக்கத்திலேயே இருக்கிறது. வேலை சுலபம்தான். ஆனால் அந்த வேலை முடிகிற நிமிடத்தில் கையில் இருப்பது வேறு ஒரு பொருளாகிவிடுகிறது, சட்டத்தின் கண்ணில்.

ஏர் கன் துப்பாக்கிதானா?

ஆமாம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்குத் தரும் விளக்கத்தில் வெடிமருந்து மட்டும் இல்லை. வெடிபொருளாலோ "வேறு வகை ஆற்றலாலோ" எந்தப் பொருளையும் பாய்ச்சும் வகையில் செய்யப்பட்ட ஆயுதம் என்றுதான் சொல்கிறது. அழுத்தப்பட்ட காற்றும் ஒரு ஆற்றல்தான். ஆகவே பலூன் கடைத் துப்பாக்கியும் இந்த விளக்கத்துக்குள் வந்துவிடும்.

அப்படியானால் கடையில் லைசென்ஸ் கேட்காமல் எப்படிக் கொடுக்கிறார்கள்? குறைந்த பவர் ஏர் கன்களுக்கு அரசு தந்திருக்கும் விலக்கு அது. இப்போது நடைமுறையில் இருக்கும் 2016 ஆயுத விதிகள்படி, குழல் வாயில் வெளிப்படும் ஆற்றல் 20 ஜூல், அதாவது 15 அடி-பவுண்டு அளவைத் தாண்டக்கூடாது. குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. கடைக்காரர் பாயின்ட் ஒன் செவன் செவன் என்று சொல்வது இந்த 4.5 மில்லிமீட்டரைத்தான். இரண்டு நிபந்தனையும் சேர்ந்தே பொருந்த வேண்டும். ஒன்று தவறினாலும் லைசென்ஸ் வேண்டும். பவர் குறைவாக இருந்தாலும் 5.5 மில்லிமீட்டர் குழல் கொண்ட பாயின்ட் டூ டூ ஏர் ரைஃபிளுக்கு விலக்கு கிடையாது.

லைசென்ஸ் வேண்டாம் என்பதால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று அர்த்தமில்லை. 18 வயது ஆகியிருக்க வேண்டும். அடையாளச் சான்று, முகவரிச் சான்று கொடுத்துத்தான் வாங்க முடியும்.

20 ஜூல் என்றால் எவ்வளவு?

விளம்பரத்தில் யாரும் ஜூல் கணக்கு சொல்வதில்லை. வினாடிக்கு இத்தனை அடி வேகம் என்றுதான் போடுவார்கள். சிக்கலே இங்கேதான்.

சாதாரண ஈய பெல்லட் ஒன்றின் எடை 0.53 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வினாடிக்கு 275 மீட்டர், அதாவது சுமார் 900 அடி வேகத்தில் கிளம்பினால் ஆற்றல் சரியாக 20 ஜூல் பக்கம் வரும். அதே பெல்லட்டை 1000 அடி வேகத்தில் அனுப்பினால் 24 ஜூலைத் தாண்டிவிடும். வேகம் கூடியது 11 சதவீதம்தான். ஆற்றல் 23 சதவீதம் ஏறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். வேகம் இரண்டு மடங்கு ஆனால் ஆற்றல் நான்கு மடங்கு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 0.40 கிராம் எடையுள்ள லேசான பெல்லட்டை 1000 அடி வேகத்தில் சுட்டால் 18.6 ஜூல்தான். வரம்புக்குள் வந்துவிடும். அதனால் "ஆயிரம் அடி வேகம்" என்ற ஒரு வரியை மட்டும் படித்து எந்தத் துப்பாக்கி எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. குரோனோகிராஃப் என்ற வேகமானியில் சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். பட்டறையில் பாகம் மாற்றித் தருகிறவரிடம் அந்தக் கருவி இருக்காது. அவர் "கொஞ்சம்தான் ஏத்தியிருக்கேன் தம்பி" என்பார். அந்தக் 'கொஞ்சம்' 19 ஜூலா 24 ஜூலா என்பது அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. போலீஸ் பறிமுதல் செய்து தடயவியல் பரிசோதனைக்கு அனுப்பினால், அங்கே தெரிந்துவிடும்.

மாற்றினால் என்ன தண்டனை?

இதுதான் பலருக்குத் தெரியாத பகுதி. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது ஒரு குற்றம். துப்பாக்கியை மாற்றுவது தனிக் குற்றம். இரண்டாவதுதான் பெரியது.

2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தில் திருத்தம் வந்தது. ஒருவர் வைத்திருக்கும் துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்த செய்திதான் அப்போது பெரிதாக ஓடியது. அதே திருத்தத்தில் 6-வது பிரிவில் சத்தமில்லாமல் ஒரு வரி சேர்ந்தது. 2016 ஆயுத விதிகளில் சொல்லப்பட்ட ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதற்கும் அதற்கென்று லைசென்ஸ் வேண்டும் என்பதே அந்த வரி. அதற்கு முன்பு அந்தப் பிரிவு குழலை வெட்டிச் சுருக்குவதையும், பொம்மைத் துப்பாக்கியை நிஜத் துப்பாக்கியாக்குவதையும்தான் பேசியது.

லைசென்ஸ் வேண்டாத ஏர் ரைஃபிளை 20 ஜூலுக்கு மேலே ஏற்றுவது, அல்லது 4.5 குழலைக் கழற்றிவிட்டு 5.5 குழல் போடுவது, இந்த வரியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும். 6-வது பிரிவை மீறினால் 25(1) பிரிவின்படி குறைந்தது 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள் தண்டனை, அபராதம் தனி. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததற்கு 25(1பி) பிரிவில் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. ஆசைக்கு ஒரு ஸ்பிரிங் மாற்றிய கல்லூரிப் பையனுக்கும் கள்ளத் துப்பாக்கிப் பட்டறை நடத்துகிறவருக்கும் ஒரே பிரிவு பாயும் என்பது கொடுமையாகத் தெரியலாம். ஆனால் சட்டம் எழுதப்பட்டிருக்கும் விதம் அப்படித்தான். குறைந்தபட்சத் தண்டனை என்று சட்டமே எழுதி வைத்துவிட்டால், "தெரியாம செஞ்சுட்டேன்" என்று சொல்லி அதற்குக் கீழே இறங்குவது கஷ்டம்.

லேத் பட்டறைக்காரருக்கும் இது பொருந்தும். துப்பாக்கி தயாரிக்க, விற்க, மாற்ற, பழுதுபார்க்க, சோதித்துப் பார்க்க 5-வது பிரிவு லைசென்ஸ் கேட்கிறது. அந்தப் பிரிவை மீறினாலும் அதே 7 ஆண்டு முதல் ஆயுள்வரைதான். "கஸ்டமர் கேட்டாரு, கடைஞ்சு குடுத்தேன்" என்பது அங்கே எடுபடாது.

சரி, சட்டப்படி அதிக பவர் வேண்டும் என்றால்?

வழி இருக்கிறது. முதலில் லைசென்ஸ், பிறகுதான் துப்பாக்கி. நம்மூரில் பலர் இதைத் தலைகீழாக யோசிக்கிறார்கள். முதலில் பவரை ஏற்றிவிட்டு அப்புறம் லைசென்ஸுக்குப் போகலாம் என்றால், விண்ணப்பமே வாக்குமூலம் ஆகிவிடும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் 2022 ஜனவரியில் தொடங்கிய ஆவடி மாநகர காவல் ஆணையரகத்தின் கீழ் வருகின்றன. காவல் ஆணையர் இருக்கும் பகுதியில், ஆயுதச் சட்டப்படி மாவட்ட மாஜிஸ்திரேட் என்றால் அவர்தான். எனவே இந்தப் பகுதிக்காரர்கள் திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸுக்கு அலைய வேண்டியதில்லை. விண்ணப்பத்தை மத்திய உள்துறையின் என்டிஏஎல்-ஏலிஸ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். உங்கள் ஏரியா காவல் நிலையத்திலிருந்து விசாரணை அறிக்கை போகும். வழக்கு, முன்விரோதம், குடும்பச் சண்டை எல்லாம் அதில் தலைகாட்டும். நிராகரித்தால் பொதுவாகக் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். மேல்முறையீட்டுக்கு 18-வது பிரிவு இடம் தருகிறது. கிடைத்த லைசென்ஸ் 5 ஆண்டு செல்லும். முன்பு 3 ஆண்டாக இருந்தது.

இதில் நிறைய பேர் கவனிக்காத ஒரு கதவு 13-வது பிரிவில் இருக்கிறது. மத்திய அரசு அங்கீகரித்த ரைஃபிள் கிளப் உறுப்பினர் ஒருவர், இலக்குப் பயிற்சிக்காக பாயின்ட் டூ டூ ரைஃபிளோ ஏர் ரைஃபிளோ கேட்டால், வேறு தடை இல்லாத பட்சத்தில் லைசென்ஸ் வழங்க வேண்டும் என்று சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மற்றவர்கள் "எனக்கு ஏன் இது தேவை" என்று அதிகாரியை நம்பவைக்க வேண்டும். எலி தொல்லை, புறா தொல்லை என்று எழுதினால் யாரும் நம்பப் போவதில்லை. ஆகவே நிஜமாகவே சுடும் விளையாட்டில் ஆர்வம் இருப்பவருக்குக் கிளப் உறுப்பினர் அட்டைதான் முதல் படி.

லைசென்ஸ் கைக்கு வந்த பிறகும் பழைய துப்பாக்கியை நீங்களே பிரித்து மாற்றலாம் என்று அர்த்தமில்லை. வைத்திருக்கும் லைசென்ஸ் வேறு, மாற்றும் லைசென்ஸ் வேறு. உரிமம் பெற்ற தயாரிப்பாளர் அதிக பவரிலேயே செய்த துப்பாக்கியை, உரிமம் பெற்ற டீலரிடம் வாங்கி, அதை லைசென்ஸில் பதிவு செய்வதுதான் சிக்கல் இல்லாத வழி.

அப்போ அந்த யூடியூப் வீடியோ?

பிரிட்டனில் எடுத்ததாக இருக்கும். அங்கே வரம்பு ஏர் ரைஃபிளுக்கு 12 அடி-பவுண்டு, சுமார் 16 ஜூல். நம்மைவிடக் குறைவு! அதற்கு மேல் போக போலீஸிடம் துப்பாக்கிச் சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்கிய பிறகு, பதிவு பெற்ற டீலரிடம் கொடுத்து, கையில் இருக்கும் ரைஃபிளையே பவர் ஏற்றிக்கொள்ள முடியும். வீடியோவில் டீலர் வேலை செய்யும் காட்சி இருக்கும், அதற்கு முன்னால் நடந்த பேப்பர் வேலை இருக்காது. லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் "இங்க எல்லாரும் பண்றாங்க" என்று சொன்னால், சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள்.

அதிக பவர் எதற்கு என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். 2012 லண்டனில் வெண்கலம் வென்ற ககன் நரங் சென்னையில் பிறந்தவர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் இதே பிரிவில்தான். இவர்கள் குறிவைக்கும் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். அதற்கான ரைஃபிள் வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில், 8 ஜூலுக்கும் குறைவான ஆற்றலில் சுடுகிறது. நம் கடை ஏர் கன் வரம்பில் பாதிகூட இல்லை.

அதனால் பவர் தேடுபவர்களில் பலருக்கு இலக்கு காகிதம் இல்லை, கொக்கும் நாயும்தான் என்ற சந்தேகம் வருவது இயல்பு. ஆவடி பருத்திப்பட்டு ஏரி, அம்பத்தூர் ஏரி பக்கம் வரும் நீர்ப்பறவைகளைச் சுட்டால் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் பாயும். தெரு நாயைச் சுட்டுக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. மனிதர் மீது பட்டால் சொல்லவே வேண்டாம். துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருந்தாலும், தேவையே இல்லாத 10 ஜூல் துப்பாக்கியாக இருந்தாலும் இந்தப் பிரிவுகள் மாறாது. கண்ணைப் பறிக்க அந்த 10 ஜூல்கூட வேண்டாம்.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் கவனிக்க

பழைய ஏர் கன் கைமாறும்போது முந்தைய ஓனர் என்ன செய்தார் என்பது பார்வைக்குத் தெரியாது. பில், தயாரிப்பாளர் பெயர், சீரியல் நம்பர் இல்லாத துப்பாக்கியை வாங்காதீர்கள். "ஃபுல் பவர் செட்டிங் பண்ணது" என்று விற்பவரே பெருமையாகச் சொன்னால், விலை பேசாமல் கிளம்பிவிடுவது நல்லது.

ஏற்கெனவே அப்படி ஒன்று வீட்டில் இருந்தால்? பரணில் ஒளித்து வைப்பதும், இன்னொருவருக்கு விற்றுவிடுவதும் புதிய குற்றத்தைச் சேர்க்கும். சட்டப்படி வைத்திருக்க முடியாமல் போன ஆயுதத்தை, எந்தக் காரணமாக இருந்தாலும், தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது 21-வது பிரிவு. போவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு, முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒப்படைத்ததற்கு ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.