பந்தயமும் பிளக்கும்

ஜவ்வாது மலையைப் பார்த்ததும் கவிஞருக்குக் கவிதை பிறக்கும். வைத்தியருக்கு மூலிகை ஞாபகம் வரும். எனக்குத் தோன்றும் எண்ணமோ சற்று விபரீதமானது. ஒற்றை எஞ்சின் பூட்டிய சின்னஞ்சிறு விமானம் ஒன்று இந்த மலைக்கு மேலே வரும்போது எஞ்சின் நின்றுவிட்டால், அது எங்கே இறங்கும்? ஜமுனாமரத்தூரைச் சுற்றிலும் சாமை விளையும் சரிவுகள் இருக்கின்றன. மரங்களும் பாறைகளும் இருக்கின்றன. சமதரை என்று சேர்ந்தாற்போல் நானூறு ஐந்நூறு கெஜம் கிடைப்பதுதான் அரிது.

எஞ்சின் நின்றால் விமானம் கல்லைப் போல் விழுந்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. மூக்கைச் சிறிது தாழ்த்தி வேகம் குன்றாமல் பார்த்துக்கொண்டால், பருந்து போலச் சறுக்கிக்கொண்டே வரும். உயரந்தான் அப்போது விமானியின் கைமுதல். அது செலவாவதற்குள் ஒரு வயலையோ வெளியையோ அவர் கண்டுபிடிக்க வேண்டும். எங்காவது அடுப்புப் புகை சாய்வதைக் கண்டு காற்றின் திசையை அறிந்து, காற்றை எதிர்த்து இறங்க வேண்டும். இரண்டாம் தடவை என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்தச் சங்கடங்களெல்லாம் சேர்ந்து ஒரு பந்தயத்தின் முடிவையே மாற்றிய கதை உண்டு. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே, ஒரு மாதத்துக்குள், தன்னந்தனியாகப் பறந்து முடிக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என்று ஆகா கான் அறிவித்தார். 1930-ல் மூன்று பேர் களத்தில் இறங்கினார்கள். மூவருமே ஏறியது ஜிப்ஸி மாத் என்னும் திறந்த இருக்கை விமானம்.

முதலாமவர் ராவல்பிண்டியைச் சேர்ந்த மன்மோகன் சிங். தம் விமானத்துக்கு 'மிஸ் இந்தியா' என்று பெயர் சூட்டியிருந்தார். 'மிஸ்' என்றால் குமாரி. தவறவிடுதல் என்றும் பொருள் உண்டல்லவா? இவர் இந்தியாவைத் தவறவிட்டாலும் விடுவார் என்று ஓர் ஆங்கிலப் பத்திரிகையாசிரியர் கேலி செய்தார். மன்மோகன் சிங் இந்தியாவைத் தவறவிடவில்லை. ஆனால் வழியில், தெற்குப் பிரான்ஸில், சதுப்பு நிலத்தில் இறங்க நேர்ந்தது. மற்றவர்களுக்கு முன்னால் கராச்சியை அடைந்தும், ஒரு மாதக் கெடு கடந்துவிட்டதால் பரிசு கைநழுவியது.

மற்ற இருவரும் எதிரும் புதிருமாகப் புறப்பட்டவர்கள். பதினேழு வயது அஸ்பி எஞ்சினியர் லண்டனிலிருந்து கிழக்கே வந்தார். ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து மேற்கே போனார். எகிப்தில், அலெக்ஸாந்திரியாவுக்கு அருகே அபூகிர் விமானத் தளத்தில் டாட்டா இறங்கியபோது, அங்கே இன்னொரு மாத் சும்மா நிற்பதைக் கண்டார். அது அஸ்பியுடையது. ஸ்பார்க் பிளக் இல்லாமல் பையன் திகைத்துக்கொண்டிருந்தான்.

பிளக் என்பது விரல் நீளச் சாமான். பெட்ரோல் ஆவிக்கு நெருப்புப் பொறி கொடுப்பது அதன் வேலை. எண்ணெய்க் கரி படிந்தால் பொறி வராது. பொறி வராவிட்டால் எஞ்சின் தடுமாறும். இதற்காகத்தான் அந்த எஞ்சினில் சிலிண்டர் ஒன்றுக்கு இரண்டு பிளக்குகள் வைத்திருந்தார்கள். கடல்மேலோ பாலைமேலோ போகிறவனுக்கு மாற்றுப் பிளக் என்பது உயிர்.

டாட்டா தம்மிடம் உபரியாக இருந்த பிளக்குகளை எடுத்துப் போட்டியாளனிடமே கொடுத்தார். அஸ்பி பறந்தார்; முந்தினார்; பரிசும் பெற்றார்.

பிற்பாடு, 1932 அக்டோபர் 15-ம் தேதி, டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டினார். அந்தத் தபாலை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். மன்மோகன் சிங் 1942 மார்ச்சில், ஆஸ்திரேலியாவின் புரூம் துறைமுகத்தில், ஜப்பானியர் தாக்குதலில் உயிர் துறந்தார். அஸ்பி 1960-ல் இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியானார்.

பிளக்கைக் கொடுக்காமல் இருந்திருந்தால் டாட்டாவே ஜெயித்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தாலும் சட்டப்படி குற்றமில்லை. ஆனால் சின்ன விமானத்தில் பறக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு நன்றாகத் தெரியும்: இன்று நிற்பது அவன் எஞ்சின், நாளைக்கு நிற்பது யாருடையதோ!