59.94: 1953ல போட்ட கணக்கு

டிவியில கம்ப்யூட்டரை மாட்டி படம் பாக்குற ஆளா நீங்க? அப்போ டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல ரெப்ரெஷ் ரேட் பட்டியலைப் பாத்திருப்பீங்க. 23, 24, 59, 60னு ஜோடி ஜோடியா நிக்கும். சில மெஷின்ல 23.976, 59.94னு புள்ளி வச்சே காட்டும். இங்க அமெரிக்காவுல எங்க ரூமுக்கு ஒரு மீடியா பிசி செட் பண்ணினப்போ ரூம்மேட் கேட்டான்: "முழுசா 60னு வச்சிட்டுப் போக வேண்டியதுதானேடா, இந்த 59 யாருக்கு?"

நியாயமான கேள்வி. பதில் டிவி பெட்டி கறுப்பு வெள்ளையா இருந்த காலத்துல இருக்கு.

மொதல்ல 60. அமெரிக்காவில் வீட்டு கரண்ட் 60 ஹெர்ட்ஸ். படம் அதோட வேகத்துக்கு ஒத்துப்போனால், கரண்டால் திரையில் வரும் பட்டை ஓடாமல் ஒரே இடத்தில் நிற்கும், கண்ணை உறுத்தாது. அதனால் 1941ல் என்டிஎஸ்சி தரம் வந்தபோது 525 கோடு, நொடிக்கு 30 படம், ஒவ்வொரு படமும் ரெண்டு பாதியாக, ஆக 60 என்று முடிவு செய்தார்கள். நம்ம ஊர்ல கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதனால்தான் அங்கே 25 படம்.

அப்புறம் கலர் ஆசை வந்தது. 1950ல் சிபிஎஸ் கம்பெனியின் கலர் முறைக்கு அரசு அனுமதி கொடுத்தது. படம் நல்லாத்தான் இருந்தது. ஆனா ஏற்கனவே லட்சக்கணக்கான வீட்டில் இருந்த பெட்டிகளில் அந்த ஒளிபரப்பு தெரியாது! 1951 ஜூன்ல ஆரம்பிச்சு அதே அக்டோபர்ல கடையைக் கட்டிட்டாங்க.

அடுத்து வந்த இஞ்சினியர்களுக்கு ஒரே நிபந்தனை: பழைய பெட்டி வச்சிருக்கறவன் வீட்டிலும் படம் வரணும். கலர் தகவலைச் சுமார் 3.58 மெகாஹெர்ட்ஸில் சொருகினார்கள். ஒலியோ 4.5 மெகாஹெர்ட்ஸில் இருந்தது. ரெண்டும் உரசி திரையில் புள்ளிக்கோலம் போட்டது. ஒலியை நகர்த்தலாம்தான், ஆனால் பழைய பெட்டிகள் அந்த 4.5ஐ நம்பித்தான் இருந்தன. அதனால் ஒலியைத் தொடாமல் படத்தின் வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். 4.5 மெகாஹெர்ட்ஸை 286ஆல் வகுத்தால் கிடைப்பதுதான் புதிய கோட்டு வேகம், நொடிக்கு 15,734 சொச்சம். முன்பு 15,750. இவ்வளவு சின்ன வித்தியாசத்தைப் பழைய பெட்டிகள் கண்டுக்கவே இல்லை. 60 என்பது 59.94 ஆச்சு, 30 என்பது 29.97 ஆச்சு. 1953 டிசம்பரில் அனுமதியும் கிடைத்தது.

சினிமாவும் இதில் மாட்டிக்கிச்சு. பேசும் படம் வந்த காலத்திலிருந்து அதுக்கு நொடிக்கு 24 படம். டிவிக்காக முதல் படத்தை ரெண்டு தடவை, அடுத்ததை மூணு தடவை காட்டி 60க்கு இழுத்தார்கள். டிவியே மெதுவானதால் 24ம் 23.976 ஆனது. டிவிடி, ப்ளூரே, ஹெச்டி எல்லாம் அந்தக் கணக்கைச் சுமந்துகிட்டே வந்தன.

இப்போ உங்க பிசிக்கு வருவோம். 60ல வச்சு சினிமா பாத்தா, கேமரா பக்கவாட்டில் நகரும்போது படம் விக்கி விக்கிப் போகும். அந்த ரெண்டு, மூணு கணக்குதான் காரணம். சரின்னு 24ல வச்சாலும், 23.976 படத்தில் ஏறக்குறைய 42 நொடிக்கு ஒருமுறை ஒரு படம் கூடுதலாக நின்னுட்டுப் போகும். பட்டியல்ல இருக்கிற 23தான் நிஜத்துல 23.976. 59தான் 59.94. கையால மாத்த சோம்பலா? 2014 வரை எக்ஸ்பிஎம்சினு பேர் இருந்த கோடி பிளேயர்ல 'அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரெப்ரெஷ் ரேட்'டை ஆன் பண்ணிடுங்க. 120 ஹெர்ட்ஸ் திரை இருந்தா 119.88 வைங்க, ஒவ்வொரு படமும் சரியா அஞ்சு தடவை வரும். 4கே வச்சதும் 30க்கு மேல ஏறலைன்னா, பிசியோட ஹெச்டிஎம்ஐ 1.4தானான்னு பாருங்க. 4கேல 60 வேணும்னா 2.0 வேணும்.

2009 ஜூன் 12ல் அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் எல்லாம் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தின. யாருக்காக இந்தக் கணக்கு போடப்பட்டதோ அந்தப் பெட்டிகள் இருட்டாயிடுச்சு. கணக்கு மட்டும் நிக்குது. கடுப்பா இருந்தாலும், என் ஓட்டு அந்த இஞ்சினியர்களுக்குத்தான். கடன் வாங்கி பெட்டி வாங்கினவனைப் புதுசு வாங்குன்னு துரத்தாம, தொல்லையைக் கணக்குக்குள்ள அடக்கினாங்க. அந்தத் தொல்லை கைமாறிக் கைமாறி இன்னிக்கு நம்ம செட்டிங்ஸ் மெனுல உக்காந்திருக்கு, அவ்வளவுதான்.

கொசுறு: 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் 24 படத்தை அப்படியே 25ஆ ஓட்டிடுவாங்க. 150 நிமிஷப் படம் 144 நிமிஷத்துல முடிஞ்சிடும், பாட்டோட சுருதியும் அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவா ஏறிடும். அந்தக் கதை இன்னொரு நாளைக்கு.