பிக் பாஸ் வீடும் ராயக்கோட்டையும்: யார் யாரைப் பார்க்கிறார்கள்?

பிக் பாஸ் பார்த்திருப்பீங்க. "நான் அதெல்லாம் பார்க்கிறதில்ல"ன்னு சொல்றவங்களும் ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. அந்த வீட்டில் கேமரா இருக்கிறது எல்லாருக்கும் தெரியும். ஆனா இந்த நொடியில் எந்தக் கேமரா வழியா யார் பார்க்கிறாங்கன்னு உள்ளே இருக்கிற யாருக்கும் தெரியாது. பிக் பாஸுக்குக் குரல் உண்டு, முகம் கிடையாது.

இந்த நிகழ்ச்சியின் மூலமான 'பிக் பிரதர்' 1999-ல் நெதர்லாந்தில் ஆரம்பிச்சது. தமிழுக்கு 2017-ல் வந்தது. ஆனா இந்த வீடு எப்படி வேலை செய்யுதுன்னு 1975-லேயே ஒரு பிரெஞ்சுத் தத்துவவாதி எழுதிட்டார். அவர் பேர் மிஷேல் ஃபூக்கோ. நவீன சிறைச்சாலை எப்படிப் பிறந்தது என்பதுதான் அந்தப் புத்தகம்.

அதில் 'பனாப்டிகான்' என்று ஒரு கட்டடம் வருகிறது. ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தம் போட்ட திட்டம் அது. வட்டமான கட்டடம், ஓரமெல்லாம் அறைகள், நடுவில் ஒரு கோபுரம். கோபுரத்தில் இருப்பவர் எல்லா அறைகளையும் பார்க்கலாம். அறையில் இருப்பவருக்குக் கோபுரம் தெரியும், உள்ளே ஆள் இருக்கிறாரா என்பது தெரியாது. அதனால் எப்போதும் யாரோ பார்ப்பதாக நினைத்தே நடந்துகொள்வார். கொஞ்ச நாளில் கைதியே தனக்குக் காவலர் ஆகிவிடுவார்.

நிறைய பேர் கவனிக்காத விஷயம், இந்த யோசனை சிறையில் பிறக்கவில்லை, பட்டறையில் பிறந்தது. பெந்தமின் தம்பி சாமுவேல், ரஷ்யப் பேரரசில், இன்றைக்கு பெலாரஸில் இருக்கும் கிரிச்செவ் என்ற ஊரில் வேலை பார்த்தார். தொழிலாளர்களை மேற்பார்வை செய்ய அவர் யோசித்த கட்டடம் அது. அங்கே போயிருந்த அண்ணன் அதைக் கடிதங்களாக எழுதினார். 1791-ல் அது புத்தகமாக வந்தது.

அதே 1791 ஜூலையில், மூன்றாம் மைசூர்ப் போரில், திப்பு சுல்தானின் ராயக்கோட்டையைக் கம்பெனிப் படை பிடித்தது. ரெண்டுக்கும் நேரடி சம்பந்தம் இல்லை. ஆனா பக்கத்தில் வெச்சுப் பாருங்க.

ராயக்கோட்டைன்னா இன்னைக்கு நமக்குத் தக்காளி மண்டி. அந்தக் காலத்தில் அது ஒரு கண். மைசூர் மேட்டுக்கும் பாராமகாலுக்கும் நடுவில் யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்று மலை உச்சியிலிருந்து பார்க்கிற இடம். கோட்டை பார்ப்பது படையை. ஒரு விவசாயியின் வயல் எத்தனை குழி, அவர் என்ன விதைத்தார் என்பதை அங்கே நின்று பார்க்க முடியாது.

அதைச் செய்தது காகிதம். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாராமகால் கம்பெனி கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ உள்ளிட்ட ராணுவ அதிகாரிகளும் நிலத்தை அளந்து, தரம் பிரித்து, வரியைக் கணக்கெழுதினார்கள். பின்னால் ரயத்துவாரி என்று மாகாணம் முழுக்கப் பரவிய முறை இங்கேதான் முளைவிட்டது. ஃபூக்கோ இதைத்தான் சொல்கிறார்: ஒரு ஆளை அளந்து, கோப்பில் எழுதி வைப்பதும் அவர்மேல் அதிகாரம் செலுத்துவதுதான். கோட்டை இன்றைக்குத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சிதிலம். கோப்பு மட்டும் வளர்ந்துகொண்டே போனது.

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். 1970-களில் ஓசூரில் சிப்காட் வந்தது. தொழிற்சாலைகள் பெருகி, இன்றைக்கு ராயக்கோட்டை வட்டாரம் வரைக்கும் வந்துவிட்டன. பல மாநிலங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் இங்கே ஷிஃப்ட் போட்டு வேலை பார்க்கிறார்கள், விடுதியில் தங்குகிறார்கள். அடையாள அட்டை, கைரேகை, வாசலில் கேமரா, வரும் நேரம், போகும் நேரம்.

2025 நவம்பரில் இந்தப் பகுதியில் ஒரு பெண்கள் விடுதியின் குளியலறையில் ரகசியக் கேமரா இருந்தது தெரியவந்தது. பெண் தொழிலாளர்கள் ராத்திரியோடு ராத்திரியாக வெளியே திரண்டு போராடினார்கள். அப்புறம் கைது நடந்தது, செய்தி ஓய்ந்தது.

பெந்தமின் கோபுரத்துக்கு இது நேர் எதிர், இல்லையா? அங்கே பார்க்கப்படுவது கைதிக்குத் தெரிய வேண்டும், இங்கே தெரியவே கூடாது. ஆனா கண்டுபிடிச்ச மறுநாளை யோசிச்சுப் பாருங்க. ஒரு பெண் குளிக்கப் போகிறாள். பல்பைப் பார்க்கிறாள், குழாயைப் பார்க்கிறாள், சுவரில் இருக்கிற ஆணி ஓட்டையைப் பார்க்கிறாள். கேமரா இல்லைன்னு அவளுக்கு யார் நிரூபிப்பாங்க? கேமராவைக் கழட்டியாச்சு, கோபுரம் அவள் தலைக்குள்ளே வந்து உட்கார்ந்தாச்சு.

ஃபூக்கோ உடம்பைப் பற்றிப் பேசும்போது ஆண் உடம்பு, பெண் உடம்பு என்ற வித்தியாசத்தைக் கண்டுகொள்ளவில்லை என்று சாண்ட்ரா பார்ட்கி என்ற பெண்ணியத் தத்துவவாதி 1980-களில் விமர்சித்தார். அந்தக் குளியலறையில் நின்று யோசித்தால் அவர் சொன்னது புரியும். பிக் பாஸ் வீட்டிலும்தான். எந்தப் போட்டியாளரின் உடையை, சிரிப்பை, அழுகையை நாம் அதிகமா நோண்டினோம்?

நம்ம ஊரில் பெண்களுக்கு ஒரு பிரச்சினைன்னா முதல் பதில் என்ன? இன்னும் நாலு கேமரா மாட்டு, கேட்டைச் சீக்கிரம் பூட்டு. பார்வையால் வந்த காயத்துக்கு மருந்தும் பார்வையே. பாதுகாப்புக்குக் கேமரா வேண்டாம்னு நான் சொல்ல வரல. பிரச்சினை அதன் ஒருவழித்தன்மை. பிக் பாஸ் போட்டியாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, சம்பளம் வாங்கி, தெரிந்தே உள்ளே போகிறார். விடுதிப் பெண்ணுக்கு அந்த ஒப்பந்தம் எங்கே? வாசல் கேமராவின் பதிவு யாரிடம் இருக்கிறது, எத்தனை நாள் இருக்கும், அதைப் பார்க்க யாருக்கு உரிமை என்று அவள் கேட்டால் பதில் வருமா? மன்றோவின் கணக்கில் பெயர் ஏறிய விவசாயியால் அந்தக் கணக்கைப் புரட்டிப் பார்க்க முடிந்திருக்குமா?

அந்த ராத்திரி அந்தப் பெண்கள் செய்ததை இப்படித்தான் நான் புரிஞ்சுக்கிறேன். ஒளிஞ்சு பார்த்த கண்ணுக்கு முன்னால, எல்லாரும் பார்க்கிற மாதிரி வெளியே வந்து நின்னாங்க. கோபுரத்தைப் பார்த்து, "உள்ளே யாரு, வெளியே வா"ன்னு கேட்டாங்க. உங்க ஆபீஸ்லயோ பிஜிலயோ கேமரா இருந்தா, அந்தக் கேள்வியை நீங்களும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க. என்ன பதில் வந்ததுன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.