சாளரத்தின் தலைப்பட்டையும் பயனரின் உரிமையும்

கணினித் திரையில் திறக்கும் ஒவ்வொரு சாளரத்தின் மேற்பகுதியிலும் ஒரு தலைப்பட்டை உண்டு. சாளரத்தைச் சிறிதாக்கவும் பெரிதாக்கவும் மூடவும் உரிய பொத்தான்கள் அதில் அமைந்திருக்கும். அவை எப்பக்கம் அமைய வேண்டும், பட்டியில் எச்சொற்கள் இடம்பெற வேண்டும் என்பனவற்றை முடிவு செய்வது யார்? சிறு வினாவே எனினும், அதற்கு ஏறத்தாழ நாற்பதாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் ஓர் இழை அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி மாணவர்தம் கைகளையும் வந்தடைந்தது. ஆதலின் அதனை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

1984இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிறந்த எக்ஸ் சாளர முறைமை, தலைப்பட்டையைத் தானே வரைவதில்லை. அப்பணியைச் சாளர மேலாளர் என்னும் தனி நிரலிடம் விட்டுவிட்டது. ஒருவர் தமக்கு உகந்த மேலாளரைத் தேர்ந்துகொள்ள இது வழிவகுத்தது. 1987இல் டாம் லாஸ்ட்ரேஞ்ச் எழுதிய டி.டபிள்யூ.எம். மேலாளரில், ஓர் உரைக்கோப்பில் சில வரிகளை எழுதியே பொத்தான்களையும் பட்டிகளையும் மாற்றியமைக்க முடிந்தது. அதன் நிரலை அடிப்படையாகக் கொண்டு 1993இல் ராபர்ட் நேஷன் உருவாக்கிய எஃப்.வி.டபிள்யூ.எம்., பொத்தான்களுக்கு எண்களைக் கொடுத்தது. ஒற்றைப்படை எண்கள் இடப்புறத்துக்கும், இரட்டைப்படை எண்களும் சுழியும் வலப்புறத்துக்கும் உரியன.

பின்னர் 1996இல் கே.டி.ஈ. திட்டமும் 1997இல் க்னோம் திட்டமும் தோன்றின. இவற்றின் பட்டிகளைப் பல நாடுகளில் வாழும் தமிழ் ஆர்வலர்கள் ஊதியம் கருதாது தமிழாக்கினர். 'கோப்பு', 'தொகு', 'சாளரம்' ஆகிய சொற்கள் திரையில் ஏறின. மெனுவைப் 'பட்டி' என்பதா, 'பட்டியல்' என்பதா என எண்ணிப் பார்க்கும்போது, ஆட்டுப்பட்டி நம் நினைவில் வந்து போவதும் இயல்பே.

2007இல் சென்னை சி-டாக் நிறுவனம், டெபியனை அடியொற்றிய பாஸ் லினக்ஸை வெளியிட்டது. அதன் திரைமுகம் க்னோம். 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. மேற்குறித்த மூன்று ஊர்களும் அன்று அம்மாவட்டத்தின் பகுதிகளே. அரசு, அரசு உதவி பெறும் நிறுவனங்களின் மாணவர்க்கு எல்காட் வழியாகக் கொள்முதல் செய்து வழங்கப்பட்ட அக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. நாம் கண்டவரை, மாணவர் பலர் பின்னதைத் திறந்தும் பார்த்தாரல்லர்.

திறந்திருப்பின் என்ன கண்டிருப்பர்? க்னோம் இரண்டாம் பதிப்பில் பொத்தான்களின் வரிசை ஒரே வரியில் அடங்கியிருந்தது: 'மெனு:மினிமைஸ்,மேக்சிமைஸ்,குளோஸ்'. முக்காற்புள்ளிக்கு முன் வருவன இடப்புறம், பின் வருவன வலப்புறம். அவ்வொற்றைக் குறியை இடம் மாற்றினாலே போதும், தலைப்பட்டை உருமாறிவிடும். 2010 ஏப்ரலில் உபுண்டு நிறுவனத்தார் இவ்வரியை மாற்றிப் பொத்தான்களை இடப்பக்கம் கொண்டுசென்றபோது பெரும் பூசல் எழுந்தது. விரும்பாதார் அதே வரியைத் திருத்திப் பழைய நிலைக்கு மீண்டனர். 2017இல் உபுண்டுவே பொத்தான்களை வலப்பக்கம் திருப்பிக் கொணர்ந்தது.

2011 ஏப்ரலில் வந்த க்னோம் மூன்றாம் பதிப்போ மூடும் பொத்தானை மட்டும் விட்டுவைத்தது. சிறிதாக்கிய சாளரம் சென்று ஒதுங்கப் பணிப்பட்டை இல்லாதபோது அப்பொத்தான் எதற்கு என்பது வடிவமைப்பாளர் வாதம். அதனை ஏலாதோர் பழைய க்னோமையே மாட்டே என்னும் பெயரில் தொடர்ந்து வளர்த்தனர். மூல நிரல் திறந்திருந்தமையால் இது இயன்றது.

தமிழ் பயில்வோர்க்கு இதில் தனிப் பயன் ஒன்றுண்டு. குறைந்த நினைவகமுள்ள பழைய கணினியிலும் இயங்கும் ஓப்பன்பாக்ஸ் மேலாளரில், பட்டி என்பது ஓர் உரைக்கோப்பே. அதில் 'எழுத', 'படிக்க', 'கேட்க', 'வெளியேறு' என நாம் விரும்பிய தமிழ்ச் சொற்களையே பெயராக இடலாம். 'பட்டி'யா 'பட்டியலா' என்னும் வழக்குத் தீரும்வரை எவரும் காத்திருக்க வேண்டுவதில்லை. கோப்பைத் திருத்துமுன் ஒரு படி எடுத்து வைத்துக்கொள்வது மட்டும் நலம். நம் மாணவர் வீடுகளில் அம்மடிக்கணினிகள் இன்னும் இயங்குமாயின், இம்முயற்சிக்கு அவையே போதும்.